பூட்டில்லாத வைஃபையும் பக்கத்து வீட்டுப் பெரியவரும்

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் நாங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் குடியிருக்கிறோம். அவர்களுடைய மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். போன ஆண்டு ஊருக்கு வந்தவர், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வசதியாக இரண்டு கேமராக்களும் வைஃபையும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வைஃபைக்குக் கடவுச்சொல் கிடையாது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் என் மகன் எட்டு மாதமாக அதைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறான். அவனுடைய மடிக்கணினி, கைப்பேசி, என் கைப்பேசி மூன்றும் அதில்தான் இணைந்திருக்கின்றன. வங்கிக் கணக்கைப் பார்த்ததும் யுபிஐயில் பணம் அனுப்பியதும் அதில்தான். போன வாரம் அவன் அந்த வைஃபையைப் பரப்பும் ரவுட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தையே திறந்து, “பதினோரு கருவிகள் இருக்கின்றன அம்மா, தாத்தா வீட்டில் ஐந்துதானே” என்று காட்டினான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. “முருங்கைக் கிளை நம் பக்கம் சாய்ந்தால் காய் பறிக்க மாட்டோமா” என்று நியாயம் பேசுகிறான். இது திருட்டா? என் பணத்துக்கு ஆபத்து உண்டா? அவனே யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு கடவுச்சொல் போட்டுவிடுகிறேன் என்கிறான், செய்யலாமா? சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்வோம், சொன்னால் உறவு கெட்டுவிடும் என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவன் கடவுச்சொல் போடலாமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். உங்கள் மகன் அந்த ரவுட்டருக்குக் கடவுச்சொல் போடக் கூடாது. அந்த வீட்டாரின் அனுமதி இல்லாமல் அந்த அமைப்புப் பக்கத்தை இனி ஒருமுறைகூடத் திறக்கக் கூடாது. அவன் மனத்தில் நல்ல எண்ணம் இருக்கலாம். ஆனால் அவன் கடவுச்சொல் போட்ட மறுநொடி அந்த வீட்டின் இரண்டு கேமராக்களும் அணைந்துபோகும். மஸ்கட்டில் இருக்கும் மகன் கைப்பேசியில் இருட்டுத் திரையைப் பார்த்துப் பதறுவார். அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, அம்மா விழுந்துவிட்டார்களோ என்று நினைப்பார். காரணம் தேடும்போது யாரோ உள்ளே புகுந்து அமைப்பை மாற்றியிருப்பது தெரியும். அதற்குப் பிறகு “உதவத்தான் செய்தேன்” என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்தப் பதினொன்று என்ற எண்தான். உங்கள் கேள்விகள் எல்லாம் உங்கள் வீட்டைப் பற்றியவை. நான் இருபது ஆண்டுகளாக வலைப்பின்னல் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவன் என்பதால் என் கண் பக்கத்து வீட்டின் மேல்தான் போகிறது. உங்களுக்கு இருக்கும் ஆபத்து சிறியது. அந்தப் பெரியவருக்கு இருக்கும் ஆபத்து பெரியது. அது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் பணத்தைப் பற்றிச் சொல்லி உங்களை அமைதிப்படுத்திவிடுகிறேன். கடவுச்சொல் இல்லாத வைஃபையில் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் நடுவே போகும் செய்தி பூட்டில்லாமல் காற்றில் போகிறது. அந்த எல்லைக்குள் நிற்கும் எவருடைய மடிக்கணினியும் அதைப் பிடித்துப் பதிவு செய்துகொள்ளலாம். இணைப்பில் சேர வேண்டியதுகூட இல்லை. 2010 மே மாதத்தில் கூகுள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. தெருக்களைப் படம் எடுத்துப் போன அதன் கார்கள், வழியில் திறந்து கிடந்த வைஃபைகளில் ஓடிக்கொண்டிருந்த தகவல்களையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டிருந்தன. மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும்கூட அவற்றில் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வெளியானது. திறந்த வைஃபையில் அமர்ந்திருக்கும் அடுத்தவருடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடியும் என்று அது உலகத்துக்குக் காட்டியது. அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால் நான் பதறியிருப்பேன்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியது. பெரிய தளங்கள் எல்லாம் முழு நேரக் குறியாக்கத்துக்கு, அதாவது தகவலைப் பூட்டியே அனுப்பும் முறைக்கு, வந்தன. 2015க்குப் பிறகு அதற்கு வேண்டிய சான்றிதழ்கள் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியதால் சிறிய தளங்களும் மாறின. இன்று உங்கள் வங்கியின் செயலியும் யுபிஐ செயலியும் தகவலைத் தாங்களே பூட்டித்தான் அனுப்புகின்றன. வைஃபை திறந்திருந்தாலும் உறை பிரியாது. யுபிஐ உங்கள் சிம் அட்டையோடும் கைப்பேசியோடும் கட்டப்பட்டிருப்பதால், வழியில் யாராவது எதையாவது பிடித்தாலும் அதை வைத்துப் பணம் எடுத்துவிட முடியாது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வெளியே தெரிந்திருக்கலாம், உள்ளே என்ன செய்தீர்கள் என்பது தெரிந்திருக்காது. எட்டு மாதத்தில் கணக்கிலிருந்து பணம் காணாமல் போகவில்லை என்றால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ எப்போதாவது “இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல”, “சான்றிதழ் சரியில்லை” என்ற எச்சரிக்கை வந்து, அதை மீறித் தொடர்ந்தீர்களா? அப்படி நடந்திருந்தால் அந்தத் தளத்தின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். நடக்கவில்லை என்றாலும் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, வேறு எந்தக் கருவியிலாவது உங்கள் கணக்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சல்தான் மற்ற எல்லாப் பூட்டுக்கும் சாவி. பிறகு மூன்று கருவிகளிலும் அந்த வைஃபையின் பெயரை நீக்கிவிடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. ஒரு திறந்த வைஃபையின் பெயரை நினைவில் வைத்திருக்கும் கைப்பேசி, அதே பெயரில் வேறு யாராவது பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ ஒன்றை ஒலிபரப்பினால், உங்களைக் கேட்காமலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல் இல்லாத வைஃபைக்கு அதன் பெயர் ஒன்றுதான் அடையாளம். பெயரை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பெரியவர் வீடு. கேமராக்கள் இருக்கின்றன என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் மனம் நின்றுவிட்டது. ஒரே வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகள், ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதுபோல ஒன்றை ஒன்று பார்க்கும். கேமரா, தொலைக்காட்சி, பிரிண்டர் எல்லாம் “வெளியாள் வைஃபைக்குள் வரமாட்டான்” என்ற நம்பிக்கையில் தயாரிக்கப்பட்டவை. பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமரா என்றால், வைஃபைக்குள் வந்துவிட்ட எவரும் அதன் படத்தைத் திறந்து பார்க்க வழி உண்டு. இப்படி மாற்றாத கடவுச்சொற்களைத் தேடித் தேடியே 2016இல் மிராய் என்ற தீநிரல், பல நாடுகளிலும் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. இரண்டு முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு. எப்போது உறங்குகிறார்கள், எப்போது மருத்துவமனைக்குப் போகிறார்கள், பீரோ எந்த அறையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கேமராவின் கண்ணில் இருக்கிறது. மகன் பாசத்தில் வைத்துவிட்டுப் போன கேமரா அது. அதைப் பார்க்கும் கண் அவருடையது மட்டும்தானா என்பதற்கு இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பதினோரு கருவிகள் என்று உங்கள் மகன் சொன்ன கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கு ஐந்து, உங்களுக்கு மூன்று, ஆக எட்டு. மிச்சம் மூன்று யாருடையவை என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் பல ரவுட்டர்கள், எப்போதோ வந்துபோன கருவியின் பெயரையும் சில நாள் வரை பட்டியலில் வைத்திருக்கும். இப்போதைய கைப்பேசிகள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவதால் ஒரே கைப்பேசி இரண்டாகத் தெரிவதும் உண்டு. விருந்தாளி ஒருவர் வந்து போயிருக்கலாம். ஆகவே மூன்று திருடர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் எட்டு மாதம் ஒருவன் தாராளமாக உள்ளே இருக்க முடிந்த இடத்தில் இன்னொருவன் இருக்க மாட்டான் என்று நம்புவதற்கும் காரணம் இல்லை.

உங்கள் மகன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான் என்பதிலிருந்து இன்னொன்று தெரிகிறது. அந்தப் பக்கத்துக்கு உரிய கடவுச்சொல்லையும் யாரும் மாற்றவில்லை. வைஃபையின் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. முன்னது வாசல் சாவி என்றால் பின்னது வீட்டின் பத்திரம். உலாவியில் 192.168.1.1 போன்ற ஓர் எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் தெரிந்த ‘அட்மின்’ என்ற சொல்லைப் போட்டால் திறந்துகொள்ளும் நிலையில் அது இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவன் அங்கே செய்யக்கூடிய மிக மோசமான காரியம் கண்ணுக்கே தெரியாது. டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது அதன் வேலை. அந்த இடத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டால், அந்த வீட்டில் யார் எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும் அவன் விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம். இதே தந்திரத்தைப் பெரிய அளவில் செய்த ஒரு கும்பலை 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை பிடித்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகள் திசைமாறிப் போயிருந்தன. ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் ஓர் ஆசிரியருக்கு இந்தத் தந்திரம் புரிய நியாயமே இல்லை.

இப்போது உங்கள் மகனின் முருங்கை மரத்துக்கு வருகிறேன். நல்ல உவமைதான். நம் ஊரில் வேலி தாண்டிய கிளையில் காய் பறிப்பதை யாரும் திருட்டு என்பதில்லை. கறிவேப்பிலைக்கும் மோருக்கும் கணக்குப் பார்க்கிற வளவு நல்ல வளவே இல்லை. ஆனால் பறித்த முருங்கைக்காயில் மரத்துக்காரர் பெயர் எழுதியிருக்காது. இணையத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். உங்கள் மகன் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அங்கே பதிவாவது அந்தப் பெரியவருடைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி. அந்த எண் எந்த நேரத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்ற பதிவு இணைய நிறுவனத்திடம் இருக்கும். காவல்துறை கேட்டால் நிறுவனம் கொடுப்பது இணைப்புக்கு ஆதார் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவரின் பெயரையும் முகவரியையும்தான். அதற்கு மேல் சுவருக்கு எந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அந்தப் பதிவில் இருக்காது.

இது கற்பனையான பயம் இல்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைத் தொடர்ந்து போன காவல்துறை நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் கதவைத் தட்டியது. அங்கே இருந்தவர் வேலை நிமித்தம் வந்து தங்கியிருந்த ஓர் அமெரிக்கர். அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் இருந்ததால் யாரோ அதன் வழியே அந்த மின்னஞ்சலை அனுப்பியிருந்தார்கள். அவர் விசாரணைக்கு மேல் விசாரணையைச் சந்தித்த பிறகே அவருக்குத் தொடர்பில்லை என்பது தெளிவானது. அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டு வெடித்தபோதும் இதே கதை; அந்த மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. 2009 தொடக்கத்தில் மும்பைக் காவல்துறை, திறந்து கிடக்கும் வைஃபைகளை மடிக்கணினியோடு தெருத்தெருவாகப் போய்த் தேடப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அமெரிக்காவில் பஃபலோ நகரில் 2011 மார்ச் மாதம் ஒரு விடிகாலையில், குழந்தைகளின் ஆபாசப் படங்களை இறக்கிய குற்றத்துக்காக ஒருவர் வீட்டுக்குள் துப்பாக்கியோடு அதிகாரிகள் நுழைந்தார்கள். அவர் செய்த ஒரே தவறு வைஃபைக்குக் கடவுச்சொல் போடாததுதான். செய்தவன் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தான். சில நாட்களில் பிடிபட்டான். அதற்குள் அந்த மனிதர் தன் வீட்டுத் தரையில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டு, கேட்கக் கூடாத சொற்களையெல்லாம் கேட்டு முடித்திருந்தார்.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய இணைப்பிலிருந்து யாரோ ஒரு பெண்ணுக்குப் போலிக் கணக்கு வழியாக அசிங்கமான செய்திகளை அனுப்பியிருந்தார்கள். அவருடைய கைப்பேசியும் கணினியும் ஆய்வுக்குப் போயின. திரும்பி வர நான்கு மாதங்கள் ஆயின. குற்றமற்றவர் என்று காகிதத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் மாலை நடைக்கு வெளியே வரவில்லை. எனக்கு அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன், ஆனால் என் வேலைக்குத் தேவையான அளவு தெரியும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியையோ கணினி வலைப்பின்னலையோ அணுகுவதையே தவறு என்கிறது. இழப்பீடு கேட்க வழி செய்கிறது. அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடவுச்சொல் இல்லாதது அனுமதி ஆகாது. பாடம் படித்ததற்காக உங்கள் மகனை யாரும் சிறையில் போடப் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வைஃபையைப் பயன்படுத்துவது ஒன்று, நிர்வாகப் பக்கத்துக்குள் கடவுச்சொல் போட்டு நுழைவது வேறு. இரண்டாவதைத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. அரசு வேலைக்குப் போகிறவன் மீது வழக்கு இருக்கிறதா என்று விண்ணப்பத்திலும் கேட்பார்கள், பிறகு காவல்துறை சரிபார்ப்பும் உண்டு. இதை அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

திருட்டா என்று கேட்டிருந்தீர்கள். சுவர் தாண்டித் தானாக வந்த அலைக்கு முதல் நாள் கைப்பேசி தானே ஒட்டிக்கொண்டது என்றால் அதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். கேட்டால் அந்தத் தாத்தா கொடுத்திருப்பார் என்று தெரிந்தும் எட்டு மாதம் கேட்காமல் இருந்தது தவறு. இணையப் பாதுகாப்பில் உலகம் அறிந்த நிபுணரான புரூஸ் ஷ்னையரே, தன் வீட்டு வைஃபையை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பதாக 2008இல் எழுதினார். விருந்தாளிக்குச் சூடான தேநீர் கொடுப்பதுபோல அது ஒரு மரியாதை என்பது அவர் கருத்து. அவர் தன் கணினிகளை எந்த வலைப்பின்னலிலும் காக்கத் தெரிந்தவர், வரக்கூடிய தொல்லையை அறிந்தே திறந்து வைத்தவர். உங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியர் அப்படி முடிவெடுத்தவர் அல்லர். அவர் வீட்டுக் கதவு திறந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

அதனால்தான் உங்கள் கணவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டால் உங்கள் வீடு சுத்தமாகிவிடும். அந்தக் கதவு திறந்தபடியே இருக்கும். நாளை அங்கே ஏதாவது நடந்தால், எனக்கு முன்பே தெரியுமே என்று உங்கள் மனம் உங்களை விடாது. உறவு கெடும் என்ற பயம் இயல்பானது. ஆனால் எப்படிப் பார்த்தாலும் இது வெளியே வரப்போகிற விஷயம். மஸ்கட் மகன் அடுத்த முறை வந்து அந்தப் பட்டியலைத் திறந்தால், உங்கள் மகனின் கைப்பேசி பெயர் அதில் இருக்கும். பெரும்பாலான கைப்பேசிகள் தங்கள் மாடல் பெயரையோ உரிமையாளர் பெயரையோ அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குத் தெரிவதைவிட இன்றைக்கு நீங்களே போய்ச் சொல்வது நல்லது. “உங்கள் வைஃபை திறந்திருப்பதை இப்போதுதான் கவனித்தோம்” என்ற பாதி உண்மையும் வேண்டாம். அது அந்தப் பட்டியலின் முன் நிற்காது.

மகனைக் கூட்டிக்கொண்டு மாலையில் போங்கள். அவனே பேசட்டும். “தாத்தா, உங்கள் வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லை. நான் கேட்காமல் எட்டு மாதமாகப் பயன்படுத்திவிட்டேன், தப்புதான். இனிப் பயன்படுத்த மாட்டேன். ஆனால் வேறு யாராவதும் உள்ளே வரலாம், கேமராவையும் பார்க்கலாம். அண்ணனிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாம்.” இவ்வளவு போதும். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததையும் அண்ணனிடம் பேசும்போது சொல்லிவிடச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய ஓர் ஆசிரியர் முன்னால் ஒரு பையன் நின்று தவற்றைத் தானே சொன்னால் அவர் கோபம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கொஞ்சம் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் உரிமை. எட்டு மாதத்துக்குப் பணம் தருகிறோம் என்று மட்டும் அங்கே பேச்சைத் தொடங்க வேண்டாம். பெரியவர் மனம் அதில்தான் நோகும்.

“பரவாயில்லை, நீ படிக்கத்தானே, பயன்படுத்து” என்று அவர் சொல்லக்கூடும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அதில் சேர்ந்தால் கேமரா, தொலைக்காட்சிப் பக்கம் போக முடியாது. ஆனால் அதிலும் வெளியே போவது அவருடைய பெயரில்தான். இன்று வரியோடு சேர்த்து மாதம் 500 ரூபாய்க்குள் 30 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைப்பு கிடைக்கிறது. அதுவும் கஷ்டம் என்றால், அவனுடைய கைப்பேசியின் தினசரி டேட்டாவிலேயே மடிக்கணினியை இணைத்துப் படிக்கலாம்; காணொளியின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு நாள் பாடத்துக்குப் பெரும்பாலும் போதும். நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம்.

இனி சரிசெய்யும் வேலை. இதை மஸ்கட்டில் இருப்பவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பெரியவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, உங்கள் மகன் கையால் செய்யலாம். இல்லையென்றால் இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து செய்யட்டும். முதலில் ஒன்றைப் பாருங்கள். இப்போது வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் அடியில் ஒட்டிய கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. அப்படியிருக்க இது திறந்து கிடக்கிறது என்றால், திறந்திருப்பது நிறுவனம் வைத்த பெட்டியாக இல்லாமல், அலை பின் அறை வரை எட்டுவதற்காக மகன் கூடுதலாக வாங்கி மாட்டிய இரண்டாவது பெட்டியாக இருக்கலாம். பல வீடுகளில் நான் கண்டது இது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவை மறந்துவிடுவார்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், பிறகுதான் வைஃபைக்கு. டிஎன்எஸ் என்ற இடத்தில் அறிமுகமில்லாத எண் இருந்தால் நிறுவனத்திடம் கேட்டுச் சரிபாருங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ரவுட்டரை ரீசெட் செய்து, அதாவது எல்லா அமைப்பையும் அழித்து வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து, விடுவதே நல்லது. ஆனால் அதற்கு முன்பு இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரீசெட் செய்த கையோடு இணையமே போய்விடும், ஆள் வரும்வரை அந்த வீடு இருட்டில் இருக்கும். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய வகை பட்டியலில் இருந்தால் தொட வேண்டாம். அதன் பூட்டு 2001லேயே உடைபட்டுவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒருவன் பக்கத்து வீட்டின் அந்தப் பழைய பூட்டை உடைத்து, அவர்கள் பெயரில் துணை அதிபருக்கே மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினான். 2011இல் அவனுக்கு 18 ஆண்டு சிறை கிடைத்தது. கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு எண்ணைப் போட்டுக் கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 முடிவில் தெரியவந்தது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பயன் இல்லை, அதில் நேரம் போக்காதீர்கள்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதினால் போதும். பாட்டிக்கு நினைவில் நிற்கும், அடுத்தவருக்கு ஊகிக்க வராது. தொலைபேசி எண், வீட்டுப் பெயர், மகன் பெயர் வேண்டாம். ஒரு தாளில் எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும்; முதியவர்கள் வீட்டில் எழுதி வைப்பதைத் தவறு என்று நான் சொல்வதில்லை. கேமராக்களின் கடவுச்சொற்களைத் தனியாக மாற்ற வேண்டும். வைஃபைக்குப் போட்டதே அங்கேயும் இருக்கக் கூடாது.

நேரத்தையும் யோசித்துச் செய்யுங்கள். வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டவுடன் அந்த வீட்டின் ஐந்து கருவிகளும் அறுந்துபோகும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் புதுக் கடவுச்சொல்லைத் தட்டினால் உடனே திரும்பிவிடும். கேமராக்கள் அப்படி இல்லை. அவற்றின் செயலி மஸ்கட்டில் இருப்பவருடைய கணக்கில் இருக்கும். அவருடைய ஒப்புதல் இல்லாமல் மறுபடி இணைக்க முடியாது. சில கேமராக்களை ஏணி வைத்து ஏறி, பின்பக்கப் பொத்தானை அழுத்தித்தான் புது வைஃபைக்குக் கொண்டுவர வேண்டும். பெரியவரை ஏறவிடாதீர்கள், உங்கள் மகன் ஏறட்டும். ஓமனில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வெள்ளிக்கிழமை மாலை நம் நேரம் ஐந்து மணிக்குத் தொடங்கினால் அவருக்கு மூன்றரை. இரண்டு கேமராவிலும் படம் வருகிறது என்று அவர் தன் கைப்பேசியில் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் மகன் அங்கேயே இருக்கட்டும்.